வடிகட்டி எறியக் கூடாத பிழை

டாட்நெட்டில் ஓர் அசெம்பிளிக்குள் என்னென்ன வகைகள் இருக்கின்றன என்று கேட்க கெட்டைப்ஸ் என்ற ஒரே மெத்தட் போதும். அசெம்பிளி என்பது பெரும்பாலும் ஒரு டிஎல்எல் கோப்பு. தொகுக்கப்பட்ட நிரலோடு, அதில் உள்ள கிளாஸ், இன்டர்ஃபேஸ், ஸ்ட்ரக்ட் ஆகியவற்றின் விவரப் பட்டியலும் அதற்குள் இருக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் வசதிதான் ரிஃப்ளெக்‌ஷன். பிளகின்களைத் தேடிப் பிடிப்பது, டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னரில் கிளாஸ்களைப் பதிவது, சரிபார்ப்பு விதிகளைத் திரட்டுவது என்று பெரிய பயன்பாடுகளின் தொடக்க வேலைகளில் பாதி இதை நம்பியே நடக்கின்றன.

கெட்டைப்ஸ் பெயர்களை மட்டும் வாசித்துத் தருவதில்லை. ஒவ்வொரு வகையையும் ரன்டைமுக்குள் ஏற்றிப் பார்க்கிறது. ஒன்று ஏற மறுத்தாலும் ரிஃப்ளெக்‌ஷன்டைப்லோட்எக்ஸெப்ஷன் எழும். அந்த எக்ஸெப்ஷனில் இரண்டு அணிகள் இருக்கும். டைப்ஸ் என்ற அணியில் ஏறிய வகைகள் இருக்கும். ஏறாதவற்றின் இடத்தில் நல் என்ற வெற்று மதிப்பு இருக்கும். லோடர்எக்ஸெப்ஷன்ஸ் என்ற அணியில், ஏறாததற்கான காரணங்கள் தனித்தனி எக்ஸெப்ஷன்களாக இருக்கும்.

இந்தப் பிழைக்கு நிரலாளர்களிடையே ஊரறிந்த மருந்து ஒன்று உண்டு. எக்ஸெப்ஷனைக் கேட்ச் செய்து, டைப்ஸ் அணியை எடுத்து, நல்களை நீக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து மேலே நடப்பது. நான்கைந்து வரிதான். எத்தனையோ நிறுவனங்களின் பொது நூலகங்களில் இது கெட்லோடபிள்டைப்ஸ் என்ற பெயரோடு குடியிருக்கிறது. புகழ்பெற்ற கன்டெய்னரான ஆட்டோஃபேக்கிலும் அதே பெயரில் ஓர் உதவி மெத்தட் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு மூத்தவர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் வித்தைகளில் ஒன்றாக இது ஆகிவிட்டது.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயங்கள் மூன்று. ஏறாத வகைகள் யாரோ எழுதிய நூலகத்தின் மூலையில் கிடப்பவை, நாம் தேடுபவை அல்ல. எங்கோ ஒரு கிளாஸ் ஏறவில்லை என்பதற்காக முழுப் பயன்பாடும் நிற்கக் கூடாது. எப்படியும் அந்தப் பிழைச் செய்தியைப் படித்து ஒன்றும் விளங்கப் போவதில்லை. மூன்றும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வகை ஏன் ஏறாமல் போகிறது என்ற கேள்விக்குள் போனதும் மூன்றும் ஆட்டம் காண்கின்றன.

ஒரு வகையை ஏற்ற ரன்டைமுக்கு முதலில் அதன் வடிவம் தெரிய வேண்டும். அது எந்தக் கிளாஸிலிருந்து பிறந்தது, எந்த இன்டர்ஃபேஸ்களை நிறைவேற்றுகிறது, அதன் ஃபீல்டுகள் நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பவை தெரியாமல் வகையைக் கட்ட முடியாது. ஃபீல்டு ஒரு கிளாஸாக இருந்தால் சிக்கல் இல்லை. அங்கே ஒரு சுட்டி வைத்தால் போதும், அதன் அளவு முன்பே தெரிந்தது. ஃபீல்டு ஒரு ஸ்ட்ரக்டாக இருந்தால் அந்த ஸ்ட்ரக்டையும் திறந்து அளக்க வேண்டும். மெத்தட்டின் உடலுக்குள் பயன்படுத்தப்படும் வகைகளோ இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. அந்த மெத்தட் முதன்முதலாக அழைக்கப்பட்டு, ஜிட் கம்பைலர் அதை எந்திர மொழிக்கு மாற்றும்போதுதான் அவை தேடப்படும்.

ஆகவே ஏறாத வகை கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டில் விழுந்த பெயர் அல்ல. தன் தாய்க் கிளாஸையோ, இன்டர்ஃபேஸையோ, ஸ்ட்ரக்ட் ஃபீல்டையோ வேறோர் அசெம்பிளியிலிருந்து பெற்ற வகைதான் பெரும்பாலும் ஏறாமல் நிற்கும். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த உதவிக் கிளாஸ்களும் மாறிலிகளைச் சுமக்கும் கிளாஸ்களும் எப்போதும் ஏறிவிடும். இப்போது முதல் நியாயத்தைத் திரும்பப் பார்க்கலாம். ரிஃப்ளெக்‌ஷன் தேடல் எதைத் தேடுகிறது? வெளியே வரையறுக்கப்பட்ட ஓர் இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் கிளாஸை. வெளியே உள்ள ஒரு தாய்க் கிளாஸின் வாரிசை. பிளகின், அடாப்டர், ஹேண்ட்லர் எல்லாம் இந்த இனம்தான். ஏறாமல் போகும் அபாயம் எந்த இனத்துக்கு அதிகமோ, அதே இனத்தைத்தான் தேடல் நாடிப் போகிறது. வடிகட்டியில் சக்கை போகிறது என்று நினைத்தால், சாறு போய்ச் சக்கை தங்கும் வாய்ப்பே கூடுதல்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல் ஆகும் எல்லாமே முக்கியமானவை அல்ல. சி ஷார்ப் கம்பைலர் தானாகவே சில வகைகளைப் பெற்றுப் போடுகிறது. அசிங்க் மெத்தட்டுக்கு ஒரு நிலைமாற்றி வகை, லாம்டா பிடித்துவைக்கும் மாறிகளுக்கு ஒரு மறைமுகக் கிளாஸ் என்று. அவற்றின் ஃபீல்டுகளில் காணாமல்போன அசெம்பிளியின் ஸ்ட்ரக்ட் ஒன்று இருந்தால் அவையும் ஏறாது. அவற்றை யாரும் தேடப் போவதில்லை. போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் அவைதான் போயின என்று எப்படித் தெரியும்? நல்லுக்குப் பெயர் கிடையாது. (தமிழில் இந்தச் சொல்லை எழுதினால் நல்வரவு, நல்வாழ்த்து என்று நன்மையின் முன்னொட்டாகவும் படிக்கத் தோன்றுகிறது, அந்தக் குழப்பம் கொஞ்சம் பொருத்தம்தான்.) பெயரில்லாத ஒன்றை முக்கியமில்லாதது என்று தீர்ப்பெழுத நிரலாளரிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரம் இருக்கும் இடம் அடுத்த அணி. அதைத்தான் இந்த மருந்து திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இரண்டாவது நியாயம், பயன்பாடு நிற்கக் கூடாது என்பது. கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஒரு பயன்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். சரிபார்ப்பு விதிகள் 14. ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ். தொடக்கத்தில் ரிஃப்ளெக்‌ஷன் வழியே திரட்டப்படுகின்றன. அவற்றில் ஒன்று, கடன் மதிப்பெண் தரும் வெளி நூலகத்தின் தாய்க் கிளாஸிலிருந்து பிறந்தது. புதிய பதிப்பை நிறுவும்போது அந்த நூலகத்தின் டிஎல்எல் மட்டும் சேவையகத்துக்குப் போகவில்லை. வடிகட்டி இல்லாவிட்டால் பயன்பாடு தொடக்கத்திலேயே விழும். நிறுவியவர் பத்து நிமிடத்தில் கோப்பைச் சேர்ப்பார். வடிகட்டி இருந்தால் பயன்பாடு அழகாகத் தொடங்கும். 13 விதிகள் பதிவாகும். வரும் விண்ணப்பம் ஒவ்வொன்றும் 13 விதிகளையும் தாண்டினால் ஒப்புதல் பெறும். பதினான்காவது விதி சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவே இல்லை. லாகில் ஒரு வரி இருக்காது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. இது தெரியவரும் நாளில் அதை டிஎல்எல் பிரச்சினை என்று எவரும் சந்தேகிக்கக்கூட மாட்டார்கள். வணிகத் தர்க்கத்தில் பிழை என்று வேறு குழுவின் மேசைக்குப் போகும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காயோடு சேர்த்து அதைத் தேட வேண்டும் என்ற நினைப்பும் மறைகிறது. நிற்காமல் ஓடுவது நம்பகத்தன்மையின் அடையாளம் என்ற எண்ணம், ஒரு கோரிக்கை விழுந்தாலும் அடுத்ததைக் கவனிக்க வேண்டிய இடத்துக்குப் பொருந்தும். தொடக்கக் கட்டம் அப்படிப்பட்ட இடம் அல்ல. தன் உறுப்புகளில் எவை கைவசம் இருக்கின்றன என்று பயன்பாடு எண்ணிப் பார்க்கும் நேரம் அது. எண்ணிக்கை குறைந்தால் சொல்ல வேண்டும்.

இந்த மனப்போக்கு டாட்நெட்டுக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. பைத்தானில் பேக்கேஜுகளுக்குள் நடந்து மாட்யூல்களைப் பட்டியலிடும் வாக்-பேக்கேஜஸ் என்ற ஃபங்ஷனுக்கு, பிழை வந்தால் அழைக்க வேண்டியது எது என்று சொல்லாவிட்டால், இம்போர்ட் எரர்களை அது ஓசையில்லாமல் விழுங்கிவிடும். மற்ற பிழைகளை மட்டுமே மேலே அனுப்பும். டாட்நெட் வடிவமைப்பாளர்கள் இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தார்கள். விழுங்க வேண்டுமானால் நிரலாளர் கைப்பட எழுதி விழுங்கட்டும் என்று விட்டார்கள். நிரலாளர்கள் தட்டாமல் எழுதினார்கள்.

மூன்றாவது நியாயம் செய்தி விளங்காது என்பது. டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் இதற்குக் கொஞ்சம் முகாந்திரம் இருந்தது. கேட்ட வகைகளில் ஒன்றோ பலவோ ஏறவில்லை, மேலும் அறிய லோடர்எக்ஸெப்ஷன்ஸ் பண்பைப் பார்க்கவும் என்ற அளவில்தான் மேல்மட்டச் செய்தி இருக்கும். லாகில் அந்த வரி மட்டும் விழுந்தால் கோபம் வருவது இயற்கை. பின்னால் வந்த டாட்நெட் கோர் பதிப்புகளில் உள்ளே இருக்கும் காரணங்களின் செய்திகளும் மேல்மட்டச் செய்தியோடு சேர்ந்தே வெளிப்படுகின்றன. ஆனால் பழைய பதிப்பிலும் விவரம் மறைக்கப்படவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று செய்தியே பெயர் சொல்லிக் காட்டியது. கதவில் அடுத்த வாசலுக்கு வரவும் என்று எழுதியிருக்க, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போனவர்களின் புகார் இது.

உள்ளே போனால் பெரும்பாலும் நான்கு வகைக் காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் இருந்தால் ஓர் அசெம்பிளி கிடைக்கவில்லை. எந்தப் பெயரில், எந்தப் பதிப்பு எண்ணில் தேடப்பட்டது என்பதும் செய்தியிலேயே இருக்கும். 200 வகைகள் ஏறாமல் போயிருந்தாலும் காரணம் ஒரே ஒரு கோப்பாக இருப்பது சாதாரணம். அதனால் செய்திகளில் திரும்ப வருபவற்றை நீக்கிப் பார்த்தால் 200 வரி ஒரு வரியாகச் சுருங்கும். பலர் நல்களை வடிகட்டுகிறார்கள். வடிகட்ட வேண்டியது இந்தத் திரும்பவரும் செய்திகளை.

இதே எக்ஸெப்ஷனில் நிரலாளர்களைக் குழப்பும் ஒரு கிளைக்கதை உண்டு. கோப்பு அதே ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கும். ஆனாலும் கோப்போ அது சார்ந்தவற்றில் ஒன்றோ கிடைக்கவில்லை என்று செய்தி வரும். ரன்டைம் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வருபவர்கள், அந்தச் செய்தியின் பின்பாதியைப் படிப்பதில்லை. சி பிளஸ் பிளஸ் சிஎல்ஐ மொழியில் எழுதப்பட்ட கலப்பு அசெம்பிளிகளில் இது அடிக்கடி நடக்கும். அவை விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் கோப்புகளைச் சார்ந்தவை. நிரலாளரின் கணினியில் விஷுவல் ஸ்டூடியோவோடு அவை வந்திருக்கும். சேவையகத்தில் யாரும் நிறுவியிருக்க மாட்டார்கள். காணாமல்போனது அந்த நேட்டிவ் டிஎல்எல். செய்தியில் பெயர் வருவதோ அதைச் சார்ந்த அசெம்பிளிக்கு.

ஃபைல்லோட்எக்ஸெப்ஷன் வந்தால் கோப்பு கிடைத்திருக்கிறது, ஆனால் அதை ஏற்க முடியவில்லை; பெரும்பாலும் பதிப்புத் தகராறு. நியூட்டன்சாஃப்ட் ஜேசனின் 12.0.0.0 பதிப்பை வைத்துத் தொகுக்கப்பட்ட நூலகம், 13.0.0.0 இருக்கும் ஃபோல்டரில் இறங்கினால் நடப்பது இது. டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஸ்ட்ராங் நேம் உள்ள அசெம்பிளிக்குப் பதிப்பு எண் அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கான்ஃபிக் கோப்பில் பைண்டிங் ரீடைரக்ட் எழுதி வழிமாற்ற வேண்டும். டாட்நெட் கோர் கேட்டதைவிட உயர்ந்த பதிப்பை ஏற்றுக்கொள்ளும், தாழ்ந்ததை ஏற்காது. ஃபிரேம்வொர்க்கில் அசெம்பிளி எந்தெந்த இடத்தில் தேடப்பட்டது என்ற தடத்தை ஃபியூஷன் லாக் வியூவர் காட்டும்; வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணினியில் உள்ள எல்லா டாட்நெட் பயன்பாடுகளும் மெதுவாகும். கோரில் அந்தக் கருவி இல்லை. டாட்நெட் 5 முதல் அசெம்பிளி ஏற்றும் நிகழ்வுகளை டாட்நெட்-ட்ரேஸ் வழியே பிடிக்கலாம்.

பேட்இமேஜ்ஃபார்மேட்எக்ஸெப்ஷன் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் கலப்பு. இதில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான்காவதான டைப்லோட்எக்ஸெப்ஷன்தான் சுவாரஸ்யமானது. இங்கே எந்தக் கோப்பும் காணாமல் போகவில்லை. ஒப்பந்தம் மாறியிருக்கிறது. ஓர் இன்டர்ஃபேஸில் புதிதாக ஒரு மெத்தட் சேர்க்கப்பட்டு, பழைய இன்டர்ஃபேஸை வைத்துத் தொகுக்கப்பட்ட பிளகின் அப்படியே விடப்பட்டால், இந்த வகையில் இந்த மெத்தட்டுக்கு நிறைவேற்றம் இல்லை என்று வகையின் பெயரும் மெத்தட்டின் பெயரும் சேர்த்துச் செய்தி வரும். எதைத் திரும்பத் தொகுக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சக ஊழியரும் சொல்லிவிட முடியாது. விளங்காத செய்தி என்று பெயர் வாங்கியது இதுதான்.

வடிகட்டியவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வதற்கும் வழியில்லை. முன்பு சொன்னபடி, மெத்தட்டின் உடலில் உள்ள சார்புகளை கெட்டைப்ஸ் பார்ப்பதே இல்லை. ஏறிய வகையின் மெத்தட் ஒன்று காணாமல்போன அசெம்பிளியைத் தொட்டால், அந்த மெத்தட் அழைக்கப்படும் நேரத்தில் பயன்பாடு விழும். அது மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கையாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே கிடைத்த எச்சரிக்கையை வடிகட்டியவருக்கு இரண்டாவது எச்சரிக்கை இப்படித்தான் வருகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கைவைத்தியமும் உண்டு: எது காணவில்லையோ அதை, கூடவே எல்லா டிஎல்எல்களையும், பிளகின் ஃபோல்டருக்குள் கொட்டிவிடுவது. எக்ஸெப்ஷன் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் ஒப்பந்த இன்டர்ஃபேஸ் இருக்கும் அசெம்பிளியின் பிரதியும் பிளகினோடு போய், தனிச் சூழலில் இரண்டாம் முறை ஏற்றப்பட்டால், ஒரே பெயரில் இரண்டு வேறு வகைகள் உருவாகும். ரன்டைமுக்கு ஒரு வகையின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல; அது எந்த அசெம்பிளியிலிருந்து, எந்தச் சூழலில் ஏறியது என்பதும் சேர்ந்தது. இந்தக் கிளாஸ் அந்த இன்டர்ஃபேஸை நிறைவேற்றுகிறதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். எக்ஸெப்ஷன் இல்லை, நல் இல்லை, பிளகினும் இல்லை. பெயர்களை அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அதை வெறித்துப் பார்த்தபடி ஒரு நாளைக் கழித்தவர்கள் இத்தொழிலில் அநேகர். ஒப்பந்த அசெம்பிளியை மட்டும் பிளகினோடு நகலெடுக்காமல் விடுவதும், மற்றச் சார்புகளை அசெம்பிளிடிபென்டென்சிரிசால்வர் வழியே தேடுவதும்தான் டாட்நெட் கோர் 3.0 முதல் உள்ள முறையான வழி.

வடிகட்டுவது எங்குமே தகாது என்பதல்ல வாதம். பிறருடைய அசெம்பிளிகளைத் திறந்து காட்டுவதே தொழிலாக உள்ள கருவிகள் இருக்கின்றன: ஆவணம் உருவாக்குபவை, எடிட்டர்களில் வடிவமைப்புத் திரை காட்டுபவை. அவற்றுக்கு ஏறியதைக் காட்டி, ஏறாததன் காரணத்தைப் பக்கத்தில் எழுதுவது நேர்மையான நடத்தை. வேண்டுமென்றே விருப்பச் சார்புகளோடு வெளியிடப்படும் நூலகங்களும் உண்டு. அங்கே எந்த அசெம்பிளி இல்லாமல் போகலாம் என்பது முன்கூட்டியே தெரியும். அந்தப் பெயரை மட்டும் மன்னித்து, மற்றதை எக்ஸெப்ஷனாக எறியலாம். வெறும் பெயர்ப்பட்டியல் போதும் என்றால் கெட்டைப்ஸே தவறான கருவி. மெட்டாடேட்டாரீடர் வகைகளை ஏற்றாமலே விவரப் பட்டியலை நேராக வாசிக்கும். சார்பு அசெம்பிளிகள் ஒன்றுகூட அதற்குத் தேவையில்லை.

மற்றப் பயன்பாடுகளில் செய்ய வேண்டியது வடிகட்டியைவிடப் பெரிய வேலை அல்ல. முதலில், ஏறியிருக்கும் எல்லா அசெம்பிளிகளையும் ஒரே செலக்ட்மெனி வரியில் துழாவும் பழக்கத்தை விட வேண்டும். அந்த வரியில்தான் யாரோ எழுதிய நூலகத்தின் பிரச்சினை நம் பிரச்சினையாகிறது. தவிர, ஏறியிருக்கும் அசெம்பிளிகள் என்பது அந்த நொடிவரை தேவைப்பட்டவை மட்டுமே. இன்னும் தொடப்படாத அசெம்பிளி அந்தப் பட்டியலில் இராது, அதில் உள்ள ஹேண்ட்லரும் இராது. அதற்கு எந்த எக்ஸெப்ஷனும் எழாது. தேட வேண்டிய அசெம்பிளிகளைப் பெயர் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் தீரும். முதல் நியாயத்தில் இருந்த கொஞ்ச உண்மையும், அதாவது பிறர் நூலகத்தின் மூலையில் கிடப்பதைப் பற்றிய கவலையும், இங்கேயே கரைந்துவிடும். டிரிம்மிங் செய்து வெளியிடும் பயன்பாடுகளில் இந்தத் துழாவல் இன்னும் ஆபத்து. யாரும் நேரடியாகக் குறிப்பிடாத வகைகளைக் கருவி வெட்டி எறிந்திருக்கும், கெட்டைப்ஸ் அவை இருந்ததாகவே காட்டாது. கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கும். அதையும் அடக்கிவைக்கும் வழக்கம் தொடங்கிவிட்டது.

பிறகு, பெயர் சொன்ன அசெம்பிளியில் எக்ஸெப்ஷன் எழுந்தால் கேட்ச் செய்யலாம். ஆனால் லோடர்எக்ஸெப்ஷன்ஸ் அணியை வரிசையாகப் படித்து, ஒரே மாதிரிச் செய்திகளை ஒன்றாக்கி, அசெம்பிளியின் பெயரோடு சேர்த்து ஒரு புதிய எக்ஸெப்ஷனாக எறிய வேண்டும். கேட்ச் தொகுதிக்குள் இதற்கு வேண்டிய வரிகளின் எண்ணிக்கை, நல்களை வடிகட்டும் நிரலின் வரி எண்ணிக்கையைவிட இரண்டோ மூன்றோ கூடுதல். அந்த அணியோ, 2002-இல் வெளிவந்த முதல் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலிருந்தே அங்கேதான் இருக்கிறது.